அவ வரலியா? – சீரியல் விருது மேடையும் சில குரல்களும்

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விக்கிரவாண்டியில் அம்மா வீட்டில் இருந்தேன். மறுநாள் விடியற்காலை சென்னைக்குக் கிளம்பணும், டோல்கேட்டில் கூட்டம் சேருவதற்குள் தாண்டிடணும் என்று சீக்கிரம் சாப்பிட்டுப் படுக்கலாம்னு நினைத்தேன். அம்மா விடவில்லை. அன்றைக்கு ஒரு சேனலில் அவர்களுடைய வருடாந்திர விருது விழா. அவங்க தினமும் எட்டு மணிக்கு உட்காரும் சீரியலின் கதாநாயகிக்கு விருது நிச்சயம் என்று ஒரு வாரமாகவே விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு விஷயம் சொல்லணும். அம்மாவுக்குக் கிளாக்கோமா. இடது கண் முழுசாப் போய்விட்டது. வலது கண்ணில் வெளிச்சமும் நிழலும் தெரியும், முகம் தெரியாது. நாலு வருஷமா அவங்க டி.வி. பார்ப்பதில்லை, கேட்கிறார்கள். யார் உள்ளே வந்தது, யார் பொய் சொல்கிறார்கள், யார் அழப்போகிறார்கள், எல்லாம் குரலை வைத்துத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தும் தவறவிடுவதை அவங்க காதால் பிடித்துவிடுவார்கள்.

மூணு மணி நேரம் ஆட்டம், பாட்டு, தொகுப்பாளர்களின் கேலி எல்லாம் முடிந்து அந்த விருது வந்தது. அந்தப் பெண் மேடையேறி மைக்கை வாங்கினார். கஷ்டப்பட்டு வார்த்தைகளைத் தேடி, பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாக நன்றி சொன்னார். தமிழ் அவருக்குத் தாய்மொழி இல்லை. மரியாதையாகத்தான் பேசினார், கண் கலங்கியது. அரங்கம் கைதட்டியது.

அம்மா கேட்டார்கள்: "யாருடா இது பேசறது?"

"அவங்கதாம்மா. உன் சீரியல் ஈரோயின்."

"போடா. அவ குரல் எனக்குத் தெரியாதா? இது வேற யாரோ. அவ எப்ப வருவா?"

நான் அப்போதைக்கு விட்டுவிட்டேன். விழா முடிந்து, பெயர்கள் ஓடி, செய்தி ஆரம்பித்த பிறகும் அம்மா உட்கார்ந்தே இருந்தார்கள். "அவ வரலியா?" என்று மறுபடி கேட்டார்கள். அப்புறம்தான் டப்பிங் என்றால் என்னவென்று விளக்கினேன். முகம் ஒருத்தர், குரல் இன்னொருத்தர். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இத்தினி நாளா நான் யாருக்காகடா அழுதேன்?" என்றார்கள்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் விருது விழாக்கள் பற்றி ரொம்ப நாளாக நான் சேர்த்து வைத்திருந்த குறிப்புகளை இந்தக் கேள்வி வேறு மாதிரி அடுக்கிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சிவப்பு நட்சத்திரம்

என் குறிப்புகள் தொடங்கியது சிங்கப்பூரில். 2008-லிருந்து ரெண்டு வருஷத்துக்கு மேல் ஒரு வங்கியின் மென்பொருள் வேலைக்காக அங்கே இருந்தேன். அங் மோ கியோவில் ஒரு சீனக் குடும்பத்தின் அடுக்குமாடி வீட்டில் ஒரு அறை வாடகைக்கு. கூடத்தில் எப்போதும் சானல் 8 ஓடும். வீட்டுக்காரரின் அம்மா, எண்பதை நெருங்கியவர், அதன் எதிரே உட்கார்ந்திருப்பார். வருடத்துக்கு ஒருமுறை மொத்தக் குடும்பமும் உட்காரும் நாள், ஸ்டார் அவார்ட்ஸ்.

தெரியாதவர்களுக்காக: ஸ்டார் அவார்ட்ஸ் என்பது சிங்கப்பூரின் சீன மொழித் தொலைக்காட்சிக் கலைஞர்களுக்கான வருடாந்திர விருது விழா. 1994-ல் தொடங்கியது. சீனப் பெயரை அப்படியே சொன்னால் 'சிவப்பு நட்சத்திரப் பெரும்பரிசு'. சீனத்தில் ஒருவர் 'சிவப்பாக' இருக்கிறார் என்றால் புகழில் இருக்கிறார் என்று பொருள், கட்சி அரசியல் ஒன்றும் இல்லை. நடத்துவது மீடியாகார்ப். அரசின் முதலீட்டு நிறுவனமான டெமாசெக்குக்குச் சொந்தமானது. விருது பெறுபவர்களும் அதே மீடியாகார்ப்பின் கலைஞர்கள்தான். தன் பிள்ளைகளுக்குத் தானே மார்க் போடும் பள்ளிக்கூடம்.

இந்த அமைப்பு நமக்குப் புதுசு இல்லை. சன் குடும்பம் விருதுகள், விஜய் டெலிவிஷன் விருதுகள், ஜீ தமிழ் குடும்ப விருதுகள் எல்லாம் இதே கணக்குதான். அந்தந்தச் சேனல் தன் சீரியலுக்குத் தானே கொடுத்துக்கொள்கிறது. சன் டி.வி. 1993 ஏப்ரல் 14-ல் தொடங்கியது, அடுத்த வருஷம் ஸ்டார் அவார்ட்ஸ். ஏறக்குறைய ஒரே காலத்துச் சரக்கு.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சிங்கப்பூரில் சில வருஷங்கள் தவிர சீன மொழி இலவசத் தொலைக்காட்சியே ஒரு நிறுவனத்தின் கையில்தான் இருந்தது. 2001-ல் போட்டி நிறுவனம் சானல் யு என்று ஒன்றைத் தொடங்கி, தாக்குப்பிடிக்க முடியாமல் மீடியாகார்ப்போடு சேர்ந்துவிட்டது. அதனால் ஸ்டார் அவார்ட்ஸ் வேண்டுமானாலும் வேண்டாவிட்டாலும் 'அந்தத் துறையின் விருது' ஆகிவிடுகிறது. நம்மூரில் மூணு நாலு பெரிய சேனல்கள் இருந்தும் துறைக்கென்று ஒரு மேடை இல்லை. ஒரு சேனலின் மேடையில் இன்னொரு சேனலின் சீரியல் இருப்பதாகவே யாரும் காட்டிக்கொள்வதில்லை.

தமிழுக்கும் அங்கே ஒரு மேடை உண்டு என்பதையும் சொல்லணும். அதே மீடியாகார்ப்பின் தமிழ் ஒளிவழி வசந்தம் நடத்தும் 'பிரதான விழா'. 1963-லிருந்து 90-களின் நடுப்பகுதி வரை சிங்கப்பூரில் தமிழ் நிகழ்ச்சிகள் வந்ததே இந்தச் சானல் 8-ல்தான், சீன நிகழ்ச்சிகளுக்கு இடையில். பிறகு இடம் மாறி மாறி, 2008 அக்டோபரில்தான் வசந்தம் தனி ஒளிவழி ஆனது. நான் அங்கே போய் இறங்கிய வருஷம். சிங்கப்பூரிலேயே வளர்ந்தவர்கள் அவர்களுடைய தமிழில், அவர்களுடைய குரலில் நடிப்பதைப் பார்க்கிறபோது முதலில் எனக்கு விநோதமாக இருந்தது. சீரியல் தமிழ் பழகிய காதுக்கு அது 'சரியாக இல்லாத' தமிழாகக் கேட்டது. எது சரி என்ற கேள்வியை நான் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

பத்துத் தடவை விதி

ஸ்டார் அவார்ட்ஸில் என்னைப் போன்ற ஒரு புரோகிராமருக்குப் பிடித்த விதி ஒன்று இருக்கிறது. நடுவர் தேர்வு செய்யும் சிறந்த நடிகர், நடிகை விருதுகள் ஒரு பக்கம். ஐந்து தடவை சிறந்த நடிகர் விருது வாங்கிய ஷியே ஷாவ்குவாங் போன்றவர்கள் அந்தக் கணக்கில் வருவார்கள். இன்னொரு பக்கம் மக்கள் ஓட்டு. ஆண்களில் பத்து, பெண்களில் பத்து பேர் 'மிகப் பிரபலமானவர்கள்' என்று தேர்வாவார்கள். இப்படிப் பத்துத் தடவை ஒருவர் தேர்வாகிவிட்டால் 'எல்லாக் காலத்துக்கும் பிடித்த கலைஞர்' என்ற பட்டம் கொடுத்து, அதற்கப்புறம் அந்தப் பத்துப் பேர் போட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள். 1988-ல் ஸ்டார் சர்ச் போட்டியில் ஜெயித்து வந்த ஸோயி டே மாதிரியான பெரிய நட்சத்திரங்கள் இப்படித்தான் பட்டத்தோடு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ஓட்டு என்று வந்தால் ஏற்கெனவே பெயர் தெரிந்தவருக்குத்தான் விழும். விழுந்த ஓட்டே இன்னும் பெயரைப் பரப்பும். அடுத்த வருஷமும் அவருக்கே. இந்த வட்டத்தை உடைக்கணும்னா வெளியிலிருந்து ஒரு வரம்பு வைக்கணும். பத்து என்ற எண்ணில் ஒரு மாயமும் இல்லை, எட்டாகவும் இருந்திருக்கலாம். வரம்பு என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் விஷயம். மரியாதை கெடாமல் மூத்தவரை மேடையிலிருந்து இறக்குவது எப்படி என்று நம் அரசியல் கட்சிகளுக்கே தெரியாதபோது ஒரு டி.வி. நிறுவனம் அதற்கு வழி கண்டுபிடித்திருக்கிறது என்பது சாதாரணம் இல்லை.

இன்னொன்று. 2010-ல் விழாவை இரண்டாகப் பிரித்து அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்தினார்கள். முதல் நிகழ்ச்சியில் தொழில்நுட்பக் கலைஞர்களுக்கும் நிகழ்ச்சிகளுக்குமான விருதுகள், இரண்டாவதில் நட்சத்திரங்கள். திரைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கென்று ஒரு ஞாயிறு. உண்மையைச் சொன்னால் நான் இருந்த வீட்டில் முதல் ஞாயிறன்று பாதியில் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள், இரண்டாவது ஞாயிறன்று நொறுக்குத் தீனியோடு கடைசி வரை உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் முயற்சி முயற்சிதான்.

நம்மூர் மேடை

நம் சேனல் விழாக்களுக்கு வருவோம். இங்கே விருதுப் பிரிவுகளின் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? சிறந்த மாமியார், சிறந்த மருமகள், சிறந்த அம்மா, சிறந்த ஜோடி. இவை வேலையின் பெயர்கள் இல்லை, உறவின் பெயர்கள். உலகத்தில் வேறு எங்கே நடிப்பை மாமியார், மருமகள் என்று பிரித்துப் பரிசு தருகிறார்களோ தெரியாது, எனக்கு இது பிடித்துத்தான் இருக்கிறது. சீரியலை ஜனங்கள் எப்படி உள்வாங்குகிறார்கள் என்பதைச் சேனல்காரர்கள் சரியாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். என் அம்மா நடிகையின் பெயரை என்றைக்கும் சொன்னதில்லை. 'பெரிய மருமக' என்பார்கள், அவ்வளவுதான்.

ஆனால் இந்தப் பெயர்களுக்கு ஒரு விலை இருக்கிறது. உறவுக்குப் பரிசு என்று ஆகிவிட்டால் அந்த உறவை உண்டாக்கிய வேலைகள் மறைந்துவிடும். ஒரு 'சிறந்த மாமியாரை' எழுதியது வசனகர்த்தா. அவர் மூஞ்சிக்கு மூணு தடவை கேமராவைத் திருப்பியது எடிட்டர். அவர் வாயில் வரும் சொல்லைச் சொன்னது, பல சமயம், ஸ்டூடியோவின் சின்ன அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நிற்கும் இன்னொரு பெண். நான் உட்கார்ந்து பார்த்த அந்த விழாவில் டப்பிங் என்ற சொல் ஒரு தடவை கூட என் காதில் விழவில்லை. அம்மாவின் காதில் விழுந்திருந்தால் அவர்கள் அவ்வளவு நேரம் காத்திருந்திருக்க மாட்டார்கள்.

சேனல் விருதில் பாரபட்சம் இருக்கும், அரசு விருதில் இருக்காது என்று சிலர் சொல்லலாம். தமிழ்நாடு அரசின் சின்னத்திரை விருதுகள் எந்தச் சேனலையும் சாராதவை என்பது உண்மைதான். ஆனால் 2009 முதல் 2013 வரையான சின்னத்திரை விருதுகள் கலைவாணர் அரங்கத்தில் கொடுக்கப்பட்டது 2022 செப்டம்பர் 4-ல். 2009-ல் ஒளிபரப்பானதற்கு 13 வருஷம் கழித்துப் பரிசு. சினிமாவாவது ஓ.டி.டி.யில் திரும்பப் பார்க்கலாம். தினசரி சீரியல் அன்றன்றைக்கு உயிரோடு இருப்பது. 13 வருஷம் கழித்து அதன் எந்தக் காட்சி யாருக்கு ஞாபகம் இருக்கும்? சேனல் விருது சரியான நேரத்துக்கு வருகிறது, ஆனால் தன் வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது. அரசு விருது எல்லோருக்கும் பொது, ஆனால் பேரன் பேத்தி எடுத்த பிறகு வருகிறது. ஒழுங்கான வருடாந்திரக் கணக்கு ஒன்று தமிழ் சின்னத்திரைக்கு இன்னும் அமையவில்லை.

முகம் பாதி, குரல் பாதி

டப்பிங் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிடணும். கர்நாடகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்து நடிக்கும் பெண்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வாரத்தில் ஆறு நாள் ஒளிபரப்பு என்றால் படப்பிடிப்பின் வேகம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தெரியாத மொழியில் உதவி இயக்குநர் பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்க, அந்த வாக்கியத்தின் பொருளையும் முகத்தில் கொண்டுவந்து, அழவும் வேண்டும். அது வேலைதான், கடுமையான வேலை. விருது அவருக்குப் போவது தப்பு இல்லை.

தப்பு, முழுசாக அவருக்கு மட்டும் போவது. இதற்கு சினிமாவில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1993-ல் வந்த மலையாளப் படம் 'மணிச்சித்ரதாழ்'. ஃபாசில் இயக்கியது. ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. அதில் கங்கா என்ற பெண்ணுக்கு மனம் பிறழ்ந்து நாகவல்லி என்ற தமிழ் நாட்டியக்காரியாக மாறிப் பேசும் கட்டங்களை மறக்க முடியாது. அந்தக் குரல் பாக்யலட்சுமியுடையது என்றே 20 வருஷத்துக்கும் மேல் எல்லோரும் நம்பினார்கள். கங்காவுக்குப் பேசியது அவர்தான். நாகவல்லியின் தமிழைப் பேசியவர் துர்கா என்ற தமிழ்நாட்டு டப்பிங் கலைஞர் என்று ஃபாசிலே 2016-ல் வெளிப்படையாகச் சொன்னார். ஒரு தேசிய விருதுக்குப் பின்னால் இருந்த குரல்களில் ஒன்றின் பெயர் வெளியே வர 23 வருஷம் ஆனது. படம் முழுக்க 'உனக்குள் இருந்து பேசுவது யார்' என்ற கேள்விதான். படத்துக்கு வெளியேயும் அதே கேள்விக்கு இவ்வளவு காலம் தப்பான பதில் ஓடிக்கொண்டிருந்தது.

எதிர்ப்பக்கத்து உதாரணம் நம் சின்னத்திரையிலேயே உண்டு. திருச்செல்வம் இயக்கிய 'எதிர்நீச்சல்' சீரியலில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து. தேனி மாவட்டத்துக்காரர், சினிமாவில் உதவி இயக்குநர், இயக்குநர் என்று ரொம்ப வருஷம் அலைந்தவர். இந்த ஒரு சீரியல் அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்குக் காரணம் பாதிக்கு மேல் அவருடைய குரல். பெண்களை அதட்டுகிற, கிண்டல் செய்கிற, எரிச்சலை ஒரு இழுப்பில் காட்டுகிற அந்தத் தென்மாவட்டப் பேச்சு. அது அவருடைய ஊர், அவருடைய தொண்டை. 2023 செப்டம்பர் 8-ம் தேதி, அதே சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து இறந்தார்.

அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. குணசேகரனைத் தினமும் திட்டியவர்கள்தான். பிறகு அந்தப் பாத்திரத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். கனமான ஆள், கனமான குரல், அவரும் தெற்கத்திக்காரர்தான். கண்ணால் பார்த்த எனக்கு ரெண்டு வாரத்தில் பழகிவிட்டது. அம்மாவுக்குக் கடைசி வரை பழகவில்லை. "இவரு நல்லாத்தான் பேசறாரு. ஆனா அவரு செத்துட்டாருல்ல" என்றார்கள். முகம் தெரியாத ஒருத்தருக்குப் பாத்திரம் என்றால் குரல்தான். குரல் போனால் ஆள் போனமாதிரிதான்.

1999-ல் 'சித்தி' ஓடிய காலத்தில் ராதிகாவின் குரல் ராதிகாவுடையது. அந்தத் தலைமுறைச் சீரியல்களை அம்மா கண்ணாலும் பார்த்தார்கள், காதாலும் கேட்டார்கள். ரெண்டும் ஒன்றாகவே இருந்தது. இன்றைக்குக் கண் போன பிறகுதான் அவர்களுக்கு ரெண்டும் பிரிந்திருக்கிறது. கண் இருக்கும் நமக்கு இந்தப் பிரிவு தெரிவதே இல்லை என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

டப்பிங் கலைஞர்களுக்குச் சங்கம் இருக்கிறது. தென்னிந்தியத் திரைப்பட, சின்னத்திரை நடிகர்களோடு டப்பிங் கலைஞர்களையும் சேர்த்த சங்கம் அது. 2018-ல் பாடகி சின்மயி அதிலிருந்து நீக்கப்பட்டபோதுதான் இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிந்தது. தமிழ்நாடு அரசு திரைப்பட விருதுகளில் பின்னணிக் குரலுக்கென்று ஆணுக்கும் பெண்ணுக்கும் தனி விருது உண்டு. ஆக, இந்த வேலைக்குப் பரிசு தரலாம் என்ற எண்ணம் நமக்குப் புதுசு இல்லை. சீரியலை வைத்தே வாழும் சேனல்களின் மேடையில்தான் அது கண்ணில் படமாட்டேன் என்கிறது. காரணம் எளிது என்று நினைக்கிறேன். விருது விழா என்பது சேனலுக்கு ஒரு விளம்பரம். விளம்பரத்தில் முகத்தை ஒட்டலாம், குரலை ஒட்ட முடியாது. அதோடு, 'இந்தக் கதாநாயகி பேசுவது அவர் குரல் இல்லை' என்று மேடையிலேயே ஒத்துக்கொண்டால் தினமும் எட்டு மணிக்குக் கட்டி வைத்த மாயம் கலைந்துவிடும் என்ற பயமும் இருக்கலாம்.

ஹொக்கியன் பாட்டி

இந்த இடத்தில் 'சிங்கப்பூரைப் பார், அங்கே எல்லாம் ஒழுங்கு' என்று முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அங் மோ கியோ வீட்டுப் பாட்டி அதற்கு இடம் கொடுக்கவில்லை.

ஸ்டார் அவார்ட்ஸ் அன்றைக்குக் குடும்பம் மொத்தமும் சிரிக்கும்போது பாட்டி கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பார். பேத்தி குனிந்து காதில் ஏதோ சொல்வாள், அப்புறம் சிரிப்பார். காது கேட்கவில்லை போல என்று நான் நினைத்திருந்தேன். பிறகுதான் வீட்டுக்காரர் சொன்னார்: அம்மாவுக்கு மாண்டரின் பாதிதான் புரியும், அவங்க பாஷை ஹொக்கியன்.

நம்மூரில் 'சைனீஸ்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். சிங்கப்பூர்ச் சீனர்களின் வீட்டு மொழி ஹொக்கியன், தியோச்யூ, கான்டனீஸ் என்று பலவாக இருந்தது. 1979-ல் லீ குவான் யூ 'மாண்டரின் பேசுங்கள்' இயக்கத்தைத் தொடங்கினார். அதைத் தொடர்ந்து வானொலியிலும் தொலைக்காட்சியிலும் மற்ற சீன மொழிகள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. ஹாங்காங்கிலிருந்து வந்த கான்டனீஸ் தொடர்கள் மாண்டரினில் டப் செய்யப்பட்டு ஒளிபரப்பாயின. அதாவது, தினமும் கேட்டுப் பழகிய நடிகரின் வாயிலிருந்து திடீரென்று வேறு குரல், வேறு மொழி. பாட்டி அப்போது ஐம்பது வயதுக்காரராக இருந்திருப்பார். ஸ்டார் அவார்ட்ஸ் என்ற மேடையே இந்த மாற்றத்தின் மேல்தான் கட்டப்பட்டது. 'சீன மொழிக் கலைஞர்களுக்கு' என்று சொல்லும் விருது நடைமுறையில் மாண்டரின் கலைஞர்களுக்கானது. ரொம்ப காலம் கழித்து, 2016-ல், சானல் 8-லேயே ஹொக்கியன் பேசும் ஒரு குறுந்தொடர் வந்தது. பெயர் 'சாப்டாச்சா?' என்று பொருள்படும். வயதானவர்களுக்கு அரசுத் திட்டங்களை விளக்குவதற்காக எடுத்தது. விளக்க வேண்டிய தேவை வந்தபோது பாட்டியின் மொழி ஞாபகம் வந்திருக்கிறது.

அப்போது எனக்கு அந்தப் பாட்டியின் நிலை ஒரு தகவலாகத்தான் பட்டது. நோட்டில் குறித்து வைத்தேன், அவ்வளவுதான். என் அம்மா "அவ வரலியா?" என்று கேட்ட அன்றைக்குத்தான் அது என் வீட்டு விஷயமாகத் தெரிந்தது. ரெண்டு பேரும் தொலைக்காட்சியின் முன்னால் உண்மையாக உட்கார்ந்தவர்கள். ரெண்டு பேரையும் மேடை கணக்கில் எடுக்கவில்லை.

இதில் நம் பக்கத்துக்கு ஒரு கூடுதல் வரியும் எழுதணும். நம் சீரியல்களில் கொங்குத் தமிழ் வரும், மதுரைத் தமிழ் வரும், நெல்லைத் தமிழ் வரும். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பேச்சு ஒரு கதாநாயகியின் வாயில் வந்து நான் கேட்டதில்லை. "இன்னா", "வர்றியா", "இத்தினி" எல்லாம் வந்தால் அது வேலைக்காரிக்கோ சிரிப்புப் பாத்திரத்துக்கோதான். டப்பிங் அறையில் எல்லாக் குரலும் ஒரே சீரான தமிழாகத் தேய்க்கப்படுகிறது. வசந்தத்தின் சிங்கப்பூர்த் தமிழ் எனக்கு அன்று 'சரியில்லாமல்' கேட்டதற்குக் காரணம் அந்தத் தமிழ் இல்லை, தேய்த்த தமிழுக்குப் பழகிய என் காது.

என்ன செய்யலாம்

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது. பக் ரிப்போர்ட் எழுதினால் கூடவே ஒரு திருத்தமும் எழுதிப் பழகிய ஆள். பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை மூணு.

ஒன்று, கதாநாயகி விருதை டப்பிங் குரலோடு சேர்த்துக் கொடுப்பது. முகத்துக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று, ஒரே நேரத்தில், ஒரே மேடையில். ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும். மாயம் கலையும் என்று பயப்பட வேண்டாம். பொம்மலாட்டக்காரர் திரைக்கு முன்னால் வந்து வணக்கம் சொன்னதால் எந்த ஊரிலும் கூத்து நின்றதில்லை.

ரெண்டு, மக்கள் ஓட்டு விருதுகளுக்கு ஸ்டார் அவார்ட்ஸ் மாதிரி ஒரு வரம்பு. நம் சீரியல்களின் ஆயுளுக்குப் பத்து அதிகம், மூணு போதும். மூணு தடவை வாங்கியவருக்குப் பெரிய மாலையாகப் போட்டு, அடுத்தவருக்கு வழிவிடச் சொல்லலாம்.

மூணாவது தான் கஷ்டம். சேனல்களுக்குப் பொதுவாக ஒரு மேடை, அதுவும் அந்த வருஷத்துக்குள்ளேயே. அரசு இதைச் செய்யலாம், விருதுப் பட்டியல் அலமாரியில் தூங்காமல் இருந்தால். இல்லையென்றால் தொழிலாளர் சங்கங்கள் செய்யலாம். யார் செய்தாலும் சரி, ஒரு சேனலின் குரலுக்கு இன்னொரு சேனல் கைதட்டும் நாள் ஒன்று வரணும். அதே டப்பிங் கலைஞர் ரெண்டு சேனலிலும் பேசிக்கொண்டிருப்பார் என்பதுதான் வேடிக்கை. இந்தச் சேனல்களை இணைக்கும் ஒரே ஆள் அவர்தான்.

ஒரு கடன் பாக்கி இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அம்மா ஒரு வேலை கொடுத்தார்கள்: அந்தக் குரல் யாருடையது என்று கண்டுபிடித்துச் சொல்லு. சுலபம் என்று நினைத்தேன். சீரியலின் ஆரம்ப டைட்டிலை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், கடைசியில் ஓடும் பெயர்களையும் பார்த்தேன். என் கண்ணுக்கு அகப்படவில்லை. சிங்கப்பூரில் 1994-லிருந்து எந்த வருஷம் யார் எந்த விருது வாங்கினார் என்று பத்து நிமிஷத்தில் நான் எடுத்துவிடுவேன். ஒரு வருஷமாக என் வீட்டுக் கூடத்தில் தினமும் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருக்கும் பெண்ணின் பெயரை எடுக்க முடியவில்லை.

அம்மா இப்போதும் எட்டு மணிக்கு உட்காருகிறார்கள். ஒரு சின்ன மாற்றம் மட்டும். முன்னால் 'பெரிய மருமக' என்பார்கள். இப்போது "அந்தப் பொண்ணு இன்னிக்கு நல்லாப் பேசிச்சு" என்கிறார்கள். எந்தப் பொண்ணு என்று நான் கேட்பதில்லை. பெயர் கிடைத்தால் முதலில் அவர்களிடம்தான் சொல்வேன்.